தெரிந்த பேய்கள்

கல்யாணமாகி டெல்லிக்கு வந்த புதிதில் ராஜலக்ஷ்மி தன் புருஷனோடு உட்கார்ந்து பார்த்த முதல் படத்தில், செத்துப்போன சீன அதிகாரி ஒருவன் சவப்பெட்டியிலிருந்து விறைப்பாக எழுந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வந்தான். அந்தப் படத்துக்காகக் கஸ்தூரிரங்கன் கரோல் பாகில் ஒரு நாள் வாடகைக்கு வி.சி.ஆர். எடுத்து, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மோதி பாக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்திருந்தார். ஏதோ தமிழ்ப் படம் போடப்போகிறார் என்று நினைத்து அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

“இதையெல்லாம் மனுஷா பார்ப்பாளா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

“பயமா இருக்கா?”

“குமட்டறது.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ ராஜி. இப்போ சண்டை வரும். நன்னா இருக்கும்.”

சண்டை வந்தது. காற்றைக் கிழிக்கிற சத்தமும், மரப்பலகை உடைகிற சத்தமும், நடுநடுவே தன் புருஷன் தனியாகச் சிரிக்கிற சத்தமும் அவளுக்குக் கேட்டன. ஸ்ரீரங்கத்தில் பெண் பார்க்க வந்தபோது தலையைக்கூட நிமிர்த்தாத மனிதர். மத்திய சர்க்காரில் உத்தியோகம், சாது என்று சொல்லித்தான் அப்பா கொடுத்தார். இந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் பிணங்கள் குதித்துக்கொண்டே இருந்தன. கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் பென் டிரைவ் வந்தது, கடைசியில் டிவியிலேயே தேடினால் கிடைத்தது. இந்தியில் பேசினாலும் சரி, ஒன்றும் புரியாத சீன மொழியிலேயே பேசினாலும் சரி, கஸ்தூரிரங்கனுக்கு ஒன்றுதான். வெறும் பேய்ப் படம் பார்க்கமாட்டார். வெறும் சண்டைப் படமும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பேயும் வேண்டும், பேயைக் காலால் உதைக்கிற ஆளும் வேண்டும்.

பெண் அனன்யா வளர்ந்ததும் அவருக்குக் கூட்டாளி கிடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் மஞ்சள் துண்டுக் காகிதத்தில் கிறுக்கி அப்பாவின் நெற்றியில் ஒட்டுவாள். அவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நடுக்கூடத்தில் சிலையாக நின்றுவிடுவார். காகிதம் உதிர்ந்து விழுந்தால் கைகளை நீட்டிக்கொண்டு அவளைத் துரத்துவார். “நல்ல நாளும் அதுவுமா என்ன பிணம் வேஷம்?” என்று ராஜலக்ஷ்மி கத்துவாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்ப்பார்கள்.

ஒருமுறை அவள் கேட்டேவிட்டாள். “அப்படி என்னதான் இருக்கு இதுல?”

கஸ்தூரிரங்கன் சாதாரணமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

“சொல்றேன் கேளு. அந்தக் காலத்துல சைனாவுல ஒருத்தன் உத்தியோகம்னு எங்கேயோ தூர தேசத்துக்குப் போவான். அங்கேயே செத்துப்போயிடுவான். பிணத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி கிடையாது, ஆள் கிடையாது. அப்போ ஒரு பூசாரி வருவான். மஞ்சக் காகிதத்துல மந்திரம் எழுதி நெத்தியில ஒட்டுவான். மணியை ஆட்டுவான். செத்தவாள்ளாம் வரிசையா எழுந்து அவன் பின்னாலயே குதிச்சுண்டு ஊருக்குப் போவா. மலை, ஆறு எல்லாம் தாண்டி.”

“கஷ்டம்.”

“என்ன கஷ்டம்? பாவம்டி அவா. ஆத்துக்குப் போகணும்னுதானே எழுந்திருக்கா. எல்லாரும் கவர்மென்ட் அங்கி போட்டுண்டிருக்கா, கவனிச்சியா? செத்தும் அதைக் கழட்டலை. எங்க செக்‌ஷன்ல வந்து பாரு, பாதிப் பேர் அப்படித்தான் இருக்கான்.” சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “அப்புறம் இன்னொண்ணு. நம்ம ஊர்ப் பேய்க்கு ஏதாவது சட்டம் உண்டா? எப்போ வரும், எதுக்கு வரும், ஒண்ணும் தெரியாது. இதுல எல்லாத்துக்கும் ரூல் இருக்கு. அதுக்குக் கண் தெரியாது, மூச்சை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். மூச்சைப் பிடிச்சுண்டா மூஞ்சிக்கு நேரே வந்து நின்னாலும் ஒண்ணும் பண்ணாது. அரிசியைத் தூவினா தாண்டாது. காகிதம் ஒட்டினா நின்னுடும். இதைத் தெரிஞ்சுண்டு, கை காலும் சொன்னபடி கேட்டா, பேயோடயும் மல்லுக்கு நிக்கலாம். எவ்வளவு பயங்கரமா இருந்தாலும் பண்றதுக்கு ஏதோ ஒண்ணு இருக்கு பார், அதுதான்.”

குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போனாள். புரிந்தமாதிரியும் இருந்தது, புரியாதமாதிரியும் இருந்தது. படத்தை மட்டும் அதற்குப் பிறகும் அவள் பார்க்கவில்லை.

அவர் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கரோல் பாகில் ஒரு வீட்டின் முதல் மாடிக்கு வாடகைக்கு வந்தார்கள். அனன்யா கல்யாணமாகி குர்காவ்னில் இருந்தாள். வந்த இரண்டாவது வருஷம் வங்கியில் கஸ்தூரிரங்கனின் கையெழுத்து சேரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப்போயிருந்தது. நடக்கும்போது வலது கை ஆடாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் முகம். முதலில் அவள் கோபம் என்று நினைத்தாள். எதைச் சொன்னாலும் உம்மென்று இருக்கிறாரே என்று இரண்டு மாதம் மனஸ்தாபப்பட்டாள். புசா ரோடில் ஒரு நரம்பு டாக்டர் பத்து நிமிஷம் கையையும் காலையும் மடக்கிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் வியாதி என்றார். கோபமில்லை, சிரிக்கிற தசைகள் இறுகிவிட்டன என்றார். வீட்டுக்கு வந்ததும் ராஜலக்ஷ்மி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

வியாதி அவசரப்படவில்லை. சட்டைப் பொத்தானை எடுத்துக்கொண்டது. பிறகு ஸ்பூனை. பிறகு நடையை. அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது: மாடிப்படி ஏறிவிடுவார், வெறும் தரையில் நின்றுவிடுவார். ஒரு வாசற்படி, ஒரு திருப்பம் வந்தால் போதும், கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேல் உடம்பு முன்னால் சாயும், கால் வராது. “நடங்கோளேன், என்ன நின்னுண்டே இருக்கேள்?” என்று அவள் இழுத்தால் இரண்டு பேரும் விழப்போவார்கள்.

ஒரு காலை குளியலறை வாசலில் அப்படி நின்றார். அவசரம். அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேட்டி நனைந்து, தரையெல்லாம் ஓடியது. அவள் துணியை எடுத்துவந்து குனிந்தபோது மேலேயிருந்து அவர் குரல் வந்தது, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

“மணியை ஆட்டு ராஜி.”

“என்ன மணி?”

“பெருமாள் மணிதான். படத்துல ஆட்டுவானே, அந்த மாதிரி.”

இந்த நேரத்திலும் கேலியா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. பூஜை அலமாரியிலிருந்து மணியை எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேரே ஓங்கி ஆட்டினாள். வலது கால் தரையை விட்டுக் கிளம்பியது. மறுபடி ஆட்டினாள். இடது கால் வந்தது. அவள் பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டு ஆட்ட ஆட்ட, ஒரு ஆட்டலுக்கு ஒரு அடியாக, வெறித்த முகத்தோடு, மடங்காத கைகளோடு அவர் அவளை நோக்கி நடந்து வந்தார்.

“இப்போ நீதான் பூசாரி,” என்றார். முகம் சிரிக்கவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டாள்.

டாக்டர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. தாளம் இருந்தால் சிலருக்குக் கால் வரும், சிலர் எண்ணிக்கொண்டு நடப்பார்கள், செய்யுங்கள் என்றார். பெருமாளுக்கு வேறு மணி வாங்கினாள். பழைய மணி அவள் இடுப்பிலேயே இருந்தது. சோபாவிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு, மேஜையிலிருந்து கட்டிலுக்கு. கீழ் வீட்டுப் பஞ்சாபிக்காரி சுஷ்மா ஒருநாள், “ஆண்ட்டிஜி, உங்கள் வீட்டில் நாள் முழுக்க என்ன பூஜை?” என்று கேட்டாள். “ரோஜ் கி பூஜா ஹை,” தினப்படி பூஜைதான் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் முதன்முதலாக ஒரு படத்தை முழுசாகப் பார்த்தாள். ரிமோட்டைப் பிடிக்க அவருக்கு வரவில்லை. அழுத்துவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தவள், வேர்க்கடலையை உரித்து அவர் வாயில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். மலைப்பாதையில் ஒரு சத்திரம். ஊருக்குப் போகிற பிணங்கள் பகலில் தங்கிப்போகிற இடம். அதை நடத்துகிற கிழவருக்கு ஒரு கால் நொண்டி. வெயில் வந்தால் பிணங்களைக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்துவார், மழை வந்தால் ஒவ்வொன்றின் தலைக்கும் ஓலைக்குடை கட்டுவார். கொள்ளைக்காரன் ஒருவன் வந்து காகிதங்களைக் கிழித்துவிட்டு, பிணங்களைத் தனக்குப் படையாக்கிக்கொள்ளப் பார்க்கிறான். கிழவர் ஊன்றுகோலைச் சுழற்றிக்கொண்டு மேஜைக்கு மேஜை பறந்தார்.

“ஏன்னா, செத்தவாளுக்கு எதுக்குக் குடை?”

“காகிதம் நனைஞ்சுடாதோ?”

“அதுக்கு மட்டுமா?”

அவர் வாயிலிருந்த கடலையை மென்று விழுங்கினார். “இல்லை,” என்றார்.

கொள்ளைக்காரன் தன் படையிடமே மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றபோது ராஜலக்ஷ்மியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிழவர் ஒரு கோழி இறகால் அவன் மூக்கை வருடித் தும்ம வைத்தார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், பயமும் போகவில்லை. மறுநாள் மத்தியானம் அவளாகவே, “இன்னிக்கு என்ன?” என்று கேட்டாள். அந்தக் குளிர்காலம் நன்றாகத்தான் போயிற்று.

பனி விலகியதும் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பலன் தெரிந்தது. கஸ்தூரிரங்கன் காபி டம்ளரைத் தானே தூக்கினார். மணி இல்லாமலே சில நாள் பால்கனிவரை போய்வந்தார். அனன்யா வந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

மே மாதம், கூலர் இரைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ராஜலக்ஷ்மி மாம்பழம் நறுக்கிக் கொண்டுவந்தாள். நாற்காலியில் அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. தட்டைப் போட்டுவிட்டு ஓடி, தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“மூச்சு விடாதே,” என்றார், உதடு அசையாமல்.

“என்ன?”

“பீரோகிட்ட நிக்கறான். நீல அங்கி.”

திரும்பிப் பார்த்தாள். இரும்பு பீரோதான் இருந்தது. அதன் கைப்பிடியில் அவள் மாட்டிய ரவிக்கை இருந்தது. அவர் கண்ணில் இருந்த பயம் பொய்யில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் அவர் ஊதிவிட்ட மாதிரி மூச்சை விட்டார். “போயிட்டான்.”

தூக்கக் கலக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாளும் வந்தான். பிறகு தனியாக வரவில்லை. கூடத்தில் வரிசையாக நிற்கிறார்கள் என்றார். ஒருநாள், “சந்திரசேகர்கூட வந்திருந்தான்,” என்றார். சந்திரசேகர் அவரோடு ஒரே செக்‌ஷனில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், கொரோனாவில் போய்விட்டார். “அவன் நெத்தியில காகிதம் இல்லை ராஜி. யாரோ எடுத்துட்டா.”

டாக்டர் மறைக்காமல் சொன்னார். காலை நடக்கவைக்கிற மாத்திரைதான் கண்ணுக்கு இதையும் காட்டுகிறது. இதை அடக்க இன்னொரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். அதில் கஸ்தூரிரங்கன் பகலும் இரவும் தூங்கினார், எச்சில் ஒழுகியது, கஞ்சி புரையேறியது. நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி. பழைய மாத்திரையைக் குறைப்பது. குறைத்தால் பேய் போய்விடும், நடையும் போய்விடும், அநேகமாகப் பேச்சும் போய்விடும்.

“குறைச்சுடலாம் அம்மா,” என்றாள் அனன்யா. “இதுல யோசிக்க என்ன இருக்கு? அவர் டெரிஃபைடா இருக்கார்.”

“அவரைக் கேக்காம எப்படி?”

“அவருக்கு எது நிஜம்னே தெரியலை. அவரை என்ன கேக்கறது?”

ஆனால் காலை வேளைகளில் கஸ்தூரிரங்கனுக்குத் தெளிவு இருந்தது. அப்படி ஒரு காலையில் ராஜலக்ஷ்மி அவருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நுரை பூசிய முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

“அவா இருக்கட்டும்,” என்றார்.

“பயந்து நடுங்கறேளே.”

“நடுங்கினா என்ன? அவாளை எனக்குத் தெரியும். வந்தா என்ன பண்ணணும்னு தெரியும். படுக்கையில கட்டை மாதிரி கிடக்கறதுக்கு எனக்கு ஒரு ரூலும் தெரியாது ராஜி.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “குறைக்கமாட்டேன்னு சொல்லு,” என்றார்.

“குறைக்கமாட்டேன்.”

சொன்ன சொல்லைக் கோடைகாலம் முழுக்கக் காப்பாற்றினாள். ஒரு கிண்ணத்தில் பச்சரிசி வைத்துக்கொண்டாள். அவர் கண் காட்டுகிற பக்கம் வாசற்படியில் தூவினாள், அவர்கள் போனதும் பெருக்கினாள். அவர் மூச்சைப் பிடித்தால் அவளும் பிடித்தாள். அரை நிமிஷம் கழித்து அவள்தான், “போயிட்டா, விடுங்கோ,” என்பாள். கூடத்தில் நடக்கும்போது, யாருமில்லை என்று தெரிந்தும், சுவரை ஒட்டினாற்போல ஒருக்களித்துப் போகப் பழகிவிட்டாள். அனன்யா ஒரு சனிக்கிழமை சொல்லாமல் வந்தபோது அம்மாவும் அப்பாவும் கை கோத்துக்கொண்டு கன்னம் உப்ப சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஹே பகவான்! அம்மா, நீயுமா? பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி ரெண்டு பேரும்!”

ராஜலக்ஷ்மி விரலைத் தூக்கி, பேசாதே என்று சைகை காட்டினாள். அனன்யா வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்தாள்.

அக்டோபரில் ஒரு முற்பகல். ராஜலக்ஷ்மி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையை அவிழ்த்துவிட்டபடி, கரு நீலப் புடவையில் கூடத்துக்கு வந்தாள். கையில் பதினோரு மணி மாத்திரையும் தண்ணீரும். நாற்காலியிலிருந்து கஸ்தூரிரங்கன் அவளைப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

யார் வந்திருக்கிறார்கள் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான்.

“நான்தான்னா. ராஜி.”

அவர் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்துக் கிண்ணத்திலிருந்து அரிசியை அள்ளி அவள் மேல் எறிந்தார். அது அவள் மார்பிலும் டம்ளர் தண்ணீரிலும் விழுந்தது. அவள் படியைத் தாண்டி இன்னும் இரண்டு அடி வைத்தாள். அரிசிக்கு அவள் நிற்கவில்லை என்பதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அது அவளுக்குப் பிறகு புரிந்தது.

“அவளை என்ன பண்ணினே?” என்று கேட்டார். “ராஜி எங்கே?”

“ஐயோ, இதோ நிக்கறேனே. மாத்திரையைப் போட்டுக்கோங்கோ, சரியாயிடும்.”

குனிந்து அவர் வாயருகே கையைக் கொண்டுபோனாள். கஸ்தூரிரங்கன் எழுந்தார். மணி இல்லை, பிடி இல்லை. நாற்காலியிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து, கால்களை அகட்டி ஊன்றி, உள்ளங்கையால் அவள் நெஞ்சில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். அவள் பின்னால் போய்க் கட்டில் முனையில் இடித்துக்கொண்டு விழுந்தாள். இடது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டி முறிந்த சத்தம் அவள் காதில் கேட்டது.

தரையில் கிடந்தபடி பார்த்தாள். அவர் ஒரு கையை முன்னாலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, அசையாமல், அவள் எழுந்தால் தாக்கத் தயாராக நின்றார். புருவம் நெரிந்திருந்தது, உதடு துடித்தது, கண்ணீர் வழிந்தது. இத்தனை வருஷமாக மரப்பலகையாக இருந்த முகத்தில் எல்லாம் திரும்பி வந்திருந்தது. வலியை மறந்து அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்த சத்தம் கேட்டுச் சுஷ்மா ஓடிவந்தாள். அவளைக் கண்டதும் கஸ்தூரிரங்கனின் கை தாழ்ந்தது. “பஹன்ஜி,” என்று கெஞ்சினார். “மேரி ராஜி கோ டூண்டோ.” என் ராஜியைத் தேடுங்கள் என்று, ராஜியைத் தாண்டி வாசலைக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குத் தகடு வைத்துக் கட்டினார்கள். அனன்யா லீவு போட்டுவிட்டு வந்து வீட்டை ஏற்றுக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு ராஜலக்ஷ்மி உள்ளே வந்தபோது கஸ்தூரிரங்கன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். “கையில என்ன?” என்று கேட்டார். “வழுக்கிட்டுது,” என்றாள்.

அந்த வாரமே புசா ரோடுக்குப் போனார்கள். அனன்யா ஒரு பெரிய வாதத்துக்குத் தயாராக வந்திருந்தாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ராஜலக்ஷ்மி, “குறைச்சுடுங்கோ,” என்றாள்.

வெளியே வந்ததும் அனன்யா அம்மாவின் தோளைப் பற்றினாள். “வலி தாங்கலையா?”

“கைக்காக இல்லை. நான் எதிர்லயே நிக்கறேன், என்னைத் தேடறார். அந்த பயத்துலயே உயிர் போயிடும்.”

அது உண்மைதான். குளிக்கும்போது அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள், அதுவும் உண்மை. எது காரணம் என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. பெண்ணிடம் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லவில்லை.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கூடவே அவர் முழங்கால் இறுகியது, முதுகு இறுகியது, தாடை இறுகியது. மணி ஆட்டிப் பார்த்தாள், கட்டைவிரல்கூட அசையவில்லை. ஏஜென்சியிலிருந்து பகலில் ஒரு ஆள் வந்து புரட்டிப்போட்டு, துடைத்து, டயப்பர் மாற்றிவிட்டுப் போனான். குரல் காகிதம் உரசுகிற மாதிரி ஆயிற்று.

வெளியே புகைமூட்டம் கவிந்து, எதிர்வீட்டு மாடி தெரியாமல் இருந்த ஒரு நவம்பர் காலை, அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

“அவாள்ளாம் எங்கே?”

“போயிட்டா.”

“யார் அனுப்பினா?”

டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். அனன்யா என்றும் சொல்லியிருக்கலாம். “நான்தான்,” என்றாள்.

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று படிக்க, முகத்தில் ஒன்றுமில்லை.

“என்னையும் கூட்டிண்டு போயிருப்பா,” என்றார்.

அதற்கப்புறம் அவளிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. பேச்சு போகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். முடியாமல் பேசவில்லையா, வேண்டாமென்று பேசவில்லையா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அவருக்குப் பிடித்த படம் ஒன்றைப் போட்டு, தலையைத் தலையணையால் முட்டுக்கொடுத்து டிவி பக்கம் திருப்பினாள். அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்தார். கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்தியதும் திறந்தார்.

மார்ச் மாதம் சளி நுரையீரலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் குழாய் போடுவதா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று இந்தத் தடவை அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே சொன்னார்கள். மூச்சு மேலே மேலே வாங்கி, ஒரு பகலில் நின்றது. யமுனைக் கரையில் எரித்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மச்சினர், சாம்பலைக் காவேரிக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். கொண்டுபோங்கோ என்றாள்.

பதிமூன்றாம் நாள் முடிந்து எல்லோரும் போனபிறகு, அனன்யா அப்பாவின் ஸ்வெட்டர்களை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை நிறுத்தினாள்.

“அம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னார்? பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி?”

ராஜலக்ஷ்மி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தகடு வைத்த மணிக்கட்டு இன்னும் குடைந்துகொண்டிருந்தது.

“உன்னைத்தான் கேட்டார். குழந்தை எங்கேன்னு.”

“சச்சி? நிஜமாவா?”

“ஆமாம்.”

அனன்யா ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ராஜலக்ஷ்மி அவள் முதுகைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்த எழுந்து போனாள்.